குப்பிக்குள் இருப்பது எது?

முன்வரிசையில் ஆய்வு மாணவர்கள் அமர்ந்திருக்கிறீர்கள். பின்வரிசைகளில் ஆய்வகத்துக்குள் ஒருமுறைகூடக் கால் வைத்திராதவர்களும் இருக்கிறீர்கள். இரு தரப்பாருக்கும் சேர்த்தே பேச விரும்புகிறேன். நான் இன்று எடுத்துக்கொண்டிருக்கும் புரதம் மாணவர்களின் உறைகுளிர்ப் பெட்டியிலும் இருக்கிறது. முடக்குவாதம் வந்து, காலையில் விரலை மடக்க முடியாமல் எழுகிற ஒரு பெண்ணின் மூட்டுக்குள்ளும் இருக்கிறது. அதன் பெயர் டியூமர் நெக்ரோசிஸ் ஃபேக்டர் ஆல்ஃபா. சுருக்கமாக டி.என்.எஃப்.

செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொள்ளப் பயன்படும் சிறு புரதங்களைச் சைட்டோகைன் என்கிறோம். அவற்றில் சில அழற்சியைத் தூண்டும். முள் குத்திய இடம் சிவந்து, வீங்கி, சூடேறி, வலிக்கிறதே, அதைத் தொடங்கிவைக்கும் செய்தி அவற்றுடையது. டி.என்.எஃப். அந்த வகையில் முதன்மையானது. கிருமியைக் கண்ட மேக்ரோபேஜ் என்னும் விழுங்கும் செல், சில நிமிடங்களிலேயே இதைத் தயாரிக்கத் தொடங்கிவிடும். 157 அமினோ அமிலங்கள் கொண்ட சிறிய புரதம் இது. மூன்று மூன்றாகச் சேர்ந்தால்தான் வேலை செய்யும்.

ஆய்வகத்துக்கு இது வரும் விதத்தை மாணவர் அல்லாதவர்களுக்குச் சொல்கிறேன். விரல் நுனி அளவு குப்பி. அதில் பெரும்பாலும் 10 மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமில் லட்சத்தில் ஒரு பங்கு. உறையவைத்து உலர்த்திய பொடி. திறந்து பார்த்தால் ஒன்றுமே இல்லாததுபோலத் தோன்றும். ஆனால் செல் வளர்ப்பில் ஒரு மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம் போதும் என்பதால், கண்ணுக்குத் தெரியாத அந்தப் பொடியைக் கொண்டு ஒரு லிட்டர் வளர்ப்பு நீர்மத்தைத் தயாரித்துவிடலாம். இவ்வளவு நீர்த்த நிலையில் புரதம் குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டு காணாமல் போகும். அதனால்தான் மாட்டு ரத்தத்தின் அல்புமினைத் துணைக்குச் சேர்க்கிறோம். உறையவைத்து உருக்குவதைத் திரும்பத் திரும்பச் செய்தால் அதன் வீரியம் குறையும். இதெல்லாம் மாணவர்களுக்குத் தெரிந்ததே.

இனி நான் சொல்லப்போவதைத் தெரிந்தும் பலர் மறந்துவிடுகிறார்கள். குப்பியில் இருக்கும் மனிதப் புரதம் பெரும்பாலும் மனித செல்லில் உண்டானதில்லை. மனித மரபணுவை ஈ. கோலை என்னும் பாக்டீரியாவுக்குள் செலுத்தி, அதைக் கொண்டு தயாரித்துப் பிரித்தெடுக்கிறார்கள். அந்தப் பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் எண்டோடாக்சின் என்றொரு பொருள் உண்டு. கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த மூலக்கூறு. பிரித்தெடுக்கும்போது அதில் கொஞ்சம் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வரும். மேக்ரோபேஜ் மீது எண்டோடாக்சின் பட்டால் என்ன ஆகும்? அது டி.என்.எஃப். சுரக்கும். டி.என்.எஃப். பட்டால் செல்லுக்குள் எந்தப் பாதை திறக்கிறதோ, ஏறக்குறைய அதே பாதையை எண்டோடாக்சினும் திறக்கும். ஆக, குப்பியிலிருந்து ஒரு துளி விட்டதும் செல்கள் துடித்து எழுந்தால், எழுப்பியது புரதமா, அதனுடன் வந்த அழுக்கா? இந்தப் புரதத்தின் வரலாறே இந்த ஒரு கேள்வியால் நடத்தப்பட்டிருக்கிறது என்பதுதான் நான் இன்று சொல்ல வந்தது.

1890இல் நியூயார்க் மருத்துவமனையில் வில்லியம் கோலி என்ற இளம் அறுவை மருத்துவர் இருந்தார். கையில் எலும்புப் புற்று வந்த பெஸ்ஸி டஷீல் என்ற பதினேழு வயதுப் பெண் அவரிடம் வந்தாள். கையை வெட்டியும் பயனில்லை. 1891 தொடக்கத்தில் இறந்துபோனாள். அந்தச் சாவு அவரைப் பழைய நோயாளிக் குறிப்பேடுகளைப் புரட்ட வைத்தது. கழுத்தில் கட்டி வந்து, அறுவைக்குப் பிறகும் திரும்ப வளர்ந்து, கைவிடப்பட்ட ஒருவருக்கு எரிசிபெலஸ் என்ற கடும் தோல் தொற்று வந்திருக்கிறது. காய்ச்சல் ஏறி இறங்க, கட்டி கரைந்துவிட்டது. அந்த மனிதரைத் தேடிச் சென்று, அவர் உயிரோடு இருப்பதைக் கோலி நேரில் கண்டார். பிறகு உயிருள்ள பாக்டீரியாக்களையும், அடுத்து கொன்ற பாக்டீரியாக்களின் கலவையையும் தாமே கட்டிகளில் ஊசியாகப் போடத் தொடங்கினார். சிலருக்குப் பலித்தது. பலருக்குப் பலிக்கவில்லை. ஏன் பலிக்கிறது என்று அவரால் சொல்ல முடியவில்லை. கதிரியக்கச் சிகிச்சை வந்ததும் உலகம் அவரை விட்டு நகர்ந்துவிட்டது.

1943இல் அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் மரே ஷியர், கோலியின் கலவையில் இருந்த செராஷியா பாக்டீரியாவிலிருந்து கட்டியை அழுகச் செய்யும் பொருளைப் பிரித்தார். நாம் இன்று எண்டோடாக்சின் என்று சொல்லும் பொருள்தான் அது. அத்துடன் விஷயம் முடிந்தது என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால் கட்டியை எண்டோடாக்சின் நேரடியாகக் கொல்கிறதா, அல்லது உடலைத் தூண்டி வேறொன்றைச் சுரக்க வைத்து அதன்மூலம் கொல்கிறதா என்ற கேள்வி மிச்சம் இருந்தது.

அதற்கு விடை கண்டவர்கள் எலிசபெத் கார்ஸ்வெல், லாயிட் ஓல்ட் ஆகியோரும் அவர்களுடன் உழைத்த குழுவினரும். இடம் நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங், ஆண்டு 1975. முதலில் எலிகளுக்கு பி.சி.ஜி. கொடுத்தார்கள். ஆம், நம் குழந்தைகளுக்குத் தோளில் போடுகிறோமே, அதே காசநோய்த் தடுப்பூசி. அது எலியின் மேக்ரோபேஜ்களைப் பெருக்கி ஆயத்தப்படுத்தியது. சில வாரம் கழித்து எண்டோடாக்சின் செலுத்தி, சிறிது நேரத்தில் ரத்தம் எடுத்து, அதன் சீரத்தைக் கட்டியுள்ள வேறு எலிகளுக்குக் கொடுத்தார்கள். கட்டி கறுத்து அழுகியது. இந்த இடத்தில் நின்று கவனியுங்கள். எதிர்த்துக் கேட்கக்கூடிய எவரும் உடனே கேட்பார்: “முதல் எலிக்குக் கொடுத்த எண்டோடாக்சின் சீரத்தில் மிச்சம் இருந்து, அதுதானே வேலை செய்தது?” அந்தக் கேள்வியை அவர்கள் தங்களுக்குத் தாங்களே கேட்டுக்கொண்டார்கள். வளர்ப்புத் தட்டில் இருந்த எல் வகை எலிச் செல்களின் மேல் அந்தச் சீரத்தை விட்டபோது அவை செத்தன. எண்டோடாக்சினைத் தனியாக விட்டபோது சாகவில்லை. ஆகவே சீரத்தில் இருப்பது மிச்ச எண்டோடாக்சின் இல்லை, உடலே சுரந்த புதுப் பொருள் என்ற முடிவுக்கு வந்தார்கள். அதற்குத்தான் டி.என்.எஃப். என்று பெயரிட்டார்கள். என் கண்ணுக்கு அந்தக் கட்டுரையில் மிக அழகான பகுதி அந்தக் கன்ட்ரோல், அதாவது ஒப்பீட்டுச் சோதனைதான்.

அதே ஊரில், ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில், புற்றுநோயோடு தொடர்பே இல்லாத ஒரு தேடல் நடந்துகொண்டிருந்தது. ஆப்பிரிக்காவில் டிரிபனோசோம் ஒட்டுண்ணி தாக்கிய கால்நடைகள் எலும்பும் தோலுமாக இளைத்துப்போவது அந்தோனி செராமியின் கவனத்தை ஈர்த்தது. ஒட்டுண்ணி தாக்கிய முயல்களில், இளைத்துக்கொண்டே இருக்கும்போது ரத்தத்தில் கொழுப்பு ஏறுவதைக் கண்டார்கள். தசைக்கும் கொழுப்புத் திசுவுக்கும் உணவைக் கொண்டுசேர்க்கும் நொதியை ஏதோ ஒன்று முடக்குகிறது. அந்த ஏதோ ஒன்றுக்குக் கேக்கெக்டின் என்று பெயர் வைத்து, அங்கே இருந்த புரூஸ் பியூட்லர் என்ற இளம் மருத்துவர் அதைச் சுத்திகரித்தார். 1984இல் டி.என்.எஃப். மரபணு படியெடுக்கப்பட்டு அதன் வரிசை தெரிந்திருந்தது. 1985இல் ஒப்பிட்டுப் பார்த்தால் இரண்டும் ஒரே புரதம். கட்டியை அழுகவைப்பதும், மாட்டை உருக்குலைப்பதும் ஒன்றே.

அந்த நாளிலிருந்து இதைப் புற்றுநோய் மருந்து என்று மட்டும் எண்ணியவர்களின் நம்பிக்கை ஆட்டம் கண்டது. மனிதர்களுக்கு ரத்தத்தில் செலுத்திப் பார்த்தார்கள். நடுக்கம், காய்ச்சல், ரத்த அழுத்த வீழ்ச்சி. எலியில் கட்டியைக் கரைத்த அளவை மனித உடல் தாங்கவில்லை. இருந்தாலும் ஒரு வழி திறந்தது. 1990களின் தொடக்கத்தில் லெஜூன், லியனார் என்ற ஐரோப்பிய மருத்துவர்கள், புற்றுள்ள கையையோ காலையோ உடலின் ரத்த ஓட்டத்திலிருந்து தற்காலிகமாகத் துண்டித்து, அந்த உறுப்புக்குள் மட்டும் டி.என்.எஃபையும் மெல்ஃபாலன் என்ற மருந்தையும் சுழலவிட்டார்கள். உடல் தாங்குவதைப்போல் பத்து மடங்கு அளவை அங்கே கொடுக்க முடிந்தது. கையையோ காலையோ வெட்டுவதைத் தவிர வேறு வழியில்லாத மென்திசுப் புற்றுக்கு 1999இல் ஐரோப்பா இதை அனுமதித்தது.

இப்போது மாணவர்களிடம் வருகிறேன். கட்டியைக் கொல்லும் என்று பெயர் எடுத்த இந்தப் புரதத்தை நீங்கள் செல்களின் மேல் விட்டால் பெரும்பாலான செல்கள் சாவதில்லை. முதல்முறை பார்க்கிற மாணவர் குப்பி கெட்டுவிட்டது என்றே நினைப்பார். நடப்பது வேறு. செல்லின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியில் டி.என்.எஃப். வந்து பொருந்தியதும் செல்லுக்குள் இரண்டு செய்திகள் ஒன்றாகக் கிளம்புகின்றன. ஒன்று சாவுக்கு. மற்றது, 1986இல் ரஞ்சன் சென்னும் டேவிட் பால்டிமோரும் கண்டறிந்த என்.எஃப். கப்பா பி என்ற புரதத்தின் வழியாக, வாழ்வதற்கு. சும்மா இருக்கும் செல்லில் ஐ கப்பா பி என்ற காவல் புரதம் அதைச் செல்லின் கருவுக்குள் போகவிடாமல் பிடித்து வைத்திருக்கும். டி.என்.எஃப். வந்த கால் மணி நேரத்தில் காவல் புரதம் சிதைக்கப்பட்டு, என்.எஃப். கப்பா பி கருவுக்குள் நுழைகிறது. அழற்சி மரபணுக்களையும், கூடவே சாவைத் தடுக்கும் மரபணுக்களையும் விழிக்கச் செய்கிறது. அது விழிக்கச் செய்யும் மரபணுக்களில் காவல் புரதத்தின் மரபணுவும் ஒன்று. புதிய காவல் புரதம் உருவாகி, ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அதை மீண்டும் வெளியே இழுத்துவிடும். டி.என்.எஃப். இருந்துகொண்டே இருந்தால் இந்த உள்ளே-வெளியே நடை ஒன்றரை மணி நேரத்துக்கு மேலான ஒரு தாளத்தில் தொடரும். ஆகவே, “டி.என்.எஃப். கொடுத்தேன், என்.எஃப். கப்பா பி காணோம்” என்று யாராவது சொன்னால், எத்தனை நிமிடத்தில் பார்த்தீர்கள் என்பதே என் முதல் கேள்வியாக இருக்கும்.

வீரியத்தை அளக்கும் சோதனையும் இந்த அறிவின் மேல்தான் நிற்கிறது. எல்-929 என்ற எலிச் செல்களுக்கு ஆக்டினோமைசின்-டி கொடுத்துப் புதிய மரபணு வாசிப்பை நிறுத்திவிடுகிறோம். வாழச் சொல்லும் செய்தி அத்துடன் அடைபட்டு, சாகச் சொல்லும் செய்தி மட்டும் மிஞ்சுகிறது. அந்த நிலையில் நானோகிராமில் சிறு பகுதியே பாதிச் செல்களைக் கொல்லப் போதும். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: டி.என்.எஃபுக்கு உள்ள இரண்டு ஏற்பிகளில், மனித டி.என்.எஃப். எலியின் முதல் ஏற்பியில் பொருந்தும், இரண்டாம் ஏற்பியில் பொருந்தாது. மனிதக் குப்பியை எலிச் செல்லில் விட்டு இரண்டாம் ஏற்பியைப் பற்றி முடிவு எழுதினால் அது பொய்யாகிவிடும்.

எண்டோடாக்சினுக்குத் திரும்புவோம், ஏனென்றால் அதைப் பற்றி எனக்கு உண்மையான கவலை இருக்கிறது. ஒரு எண்டோடாக்சின் அலகு என்பது சுமார் 0.1 நானோகிராம். நல்ல தயாரிப்பில் ஒரு மைக்ரோகிராம் புரதத்துக்கு ஒரு அலகுக்கும் குறைவாகவே இருக்கும். நீங்கள் விடும் 10 நானோகிராமில் அது ஒரு பிகோகிராம்தான்; பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆனால் நீங்களே ஆய்வகத்தில் தயாரித்து, சரியாகச் சுத்திகரிக்காத புரதத்தில் மைக்ரோகிராமுக்கு ஆயிரம் அலகு இருந்தால், அதே 10 நானோகிராமோடு ஒரு நானோகிராம் எண்டோடாக்சின் செல்லின் மேல் விழுகிறது. மேக்ரோபேஜை எழுப்ப அது தாராளம். ஆட்டோகிளேவ் என்னும் நீராவி அழுத்தக் கலத்தில் வைத்தால் பாக்டீரியா சாகும், எண்டோடாக்சின் போகாது. கண்ணாடிப் பாத்திரத்திலிருந்து அதைப் போக்க 250 டிகிரி உலர்வெப்பத்தில் அரை மணி நேரம் வைக்க வேண்டியிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும் சோதனையோ குதிரைலாட நண்டின் நீல ரத்தத்திலிருந்து வந்தது. எண்டோடாக்சின் பட்டால் அந்த ரத்தம் உறைந்துவிடும் என்பதை ஃபிரடெரிக் பேங், ஜாக் லெவின் இருவரும் கண்டார்கள்.

இது வெறும் எச்சரிக்கை இல்லை. வெப்ப அதிர்ச்சிப் புரதம் 70 என்றொரு புரதம் உண்டு. அது மேக்ரோபேஜைத் தூண்டி டி.என்.எஃப். சுரக்க வைக்கிறது, ஆகவே அதுவும் ஒரு சைட்டோகைன்தான் என்று கட்டுரைகள் வந்தன. அதன்மேல் கோட்பாடுகள் எழுந்தன. 2003இல் பாவோசோங் காவோவும் மின்-ஃபூ சானும் எண்டோடாக்சின் மிகக் குறைந்த தயாரிப்பைக் கொண்டு அதே சோதனையைச் செய்தார்கள். டி.என்.எஃப். சுரக்கவில்லை. முந்தைய விளைவு முழுக்க எண்டோடாக்சினுடையது. முன்பு எழுதியவர்கள் கன்ட்ரோல் செய்யாதவர்களும் இல்லை. கொதிக்க வைத்துப் பார்த்தவர்கள் உண்டு: கொதித்தால் புரதம் கெடும், எண்டோடாக்சின் கெடாது, விளைவு போய்விட்டதால் அது புரதத்தினுடையதுதான் என்று வாதிட்டார்கள். எண்டோடாக்சின் மிகக் குறைந்த அளவில் இருக்கும்போது கொதிநிலையில் அதுவும் வீரியம் இழக்கக்கூடும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. அதனால் கொதிக்கவைப்பதோடு நிறுத்தாதீர்கள். எண்டோடாக்சினைப் பிடித்து முடக்கும் பாலிமிக்சின்-பி சேர்த்துப் பாருங்கள். டி.என்.எஃபுக்கு எதிரான ஆன்டிபாடி கொடுத்தால் விளைவு நிற்கிறதா என்றும் பாருங்கள்.

எண்டோடாக்சினே உறைக்காத செல்களிலும் செய்து பார்க்கலாம். சி3ஹெச்/ஹெச்இஜே என்ற எலி வகைக்கு எண்டோடாக்சின் கொடுத்தாலும் ஒன்றும் ஆகாது. அதன் ரகசியத்தைப் பின்தொடர்ந்தவர், முன்பு கேக்கெக்டினைச் சுத்திகரித்த அதே பியூட்லர். டல்லஸில் பல ஆண்டுகள் எலிகளை இனக்கலப்பு செய்து, அவற்றின் மேக்ரோபேஜ் டி.என்.எஃப். சுரக்கிறதா இல்லையா என்பதையே அடையாளமாக வைத்து மரபணுவைத் தேடினார். 1998இல் கிடைத்தது: டி.எல்.ஆர்.4 என்ற ஏற்பியில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருந்தது. எண்டோடாக்சினை உடல் அடையாளம் காணும் வாசல் அதுதான். 2011இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கோலிக்குக் கிடைக்காத விளக்கம் நூறு ஆண்டுகளுக்குப் பிறகு இந்த எலியிடமிருந்து வந்தது.

நோயாளிகளைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க எனக்கு மனமில்லை. ரத்தத்தில் கிருமி பரவி உறுப்புகள் செயலிழக்கும் செப்சிஸில் டி.என்.எஃப். மிகுதியாகச் சுரக்கிறது. 1987இல் பபூன் குரங்குகளுக்கு எதிர்-டி.என்.எஃப். ஆன்டிபாடியைக் கொடுத்து, பிறகு ஈ. கோலையைச் செலுத்தினார்கள், குரங்குகள் பிழைத்தன. ஆனால் ஆன்டிபாடியைக் கொடுத்தது பாக்டீரியாவுக்கு இரண்டு மணி நேரம் முன்னதாக. தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்கு எந்த நோயாளி இரண்டு மணி நேரம் முன்னதாக வருகிறார்? மனிதர்களில் செய்த சோதனைகள் ஏமாற்றின. 1996இல் வெளிவந்த ஒன்றில், டி.என்.எஃபைப் பிடிக்கும் மருந்தை அதிகம் பெற்றவர்களிடையே சாவு கூடுவதாகத் தெரிந்தது.

முடக்குவாதத்தில் கதை வேறாக முடிந்தது. லண்டனில் மார்க் ஃபெல்ட்மனும், லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனியும் நோயாளிகளின் மூட்டுத் திசுவை வளர்ப்பில் வைத்து ஆராய்ந்தார்கள். அங்கே பலவகைச் சைட்டோகைன்கள் இருந்தன. ஒன்றை அடைத்தால் மற்றவை வேலையைத் தொடரும் என்பதே பொதுக் கருத்து. 1989இல் அவர்கள் குழுவின் ஃபியனுலா பிரென்னன், டி.என்.எஃபை மட்டும் அடைத்தபோது இன்டர்லூக்கின்-1 என்ற மற்றொரு சைட்டோகைன் சுரப்பதும் குறைவதைக் காட்டினார். அந்தச் சங்கிலியின் மேலே இருப்பது டி.என்.எஃப். என்று தெரிந்தது. 1992இல் சேரிங் கிராஸ் மருத்துவமனையில், நியூயார்க்கில் யான் வில்செக்கும் ஜுன்மிங் லேயும் உருவாக்கிய ஆன்டிபாடியை 20 நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். வீக்கமும் வலியும் இறங்கின. அதுவே இன்ஃப்ளிக்சிமாப். 1998இல் குரோன் குடல்நோய்க்கும், அடுத்த ஆண்டு முடக்குவாதத்துக்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

ஆனால் 2001இல் ஜோசப் கீனும் உடனாய்வாளர்களும் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். இன்ஃப்ளிக்சிமாப் பெற்றவர்களில் 70 பேருக்குக் காசநோய் வந்திருந்தது; அவர்களில் 40 பேருக்கு நுரையீரலுக்கு வெளியே. பலரிடம் பழைய கிருமி ஓசையின்றி உள்ளே இருந்திருக்கிறது. மேக்ரோபேஜ்கள் அதைச் சுற்றி வளைத்து, கிரானுலோமா என்ற சிறு முடிச்சுக்குள் அடைத்து வைத்திருந்தன. அந்தச் சுவர் குலையாமல் நிற்க டி.என்.எஃப். தேவை. எலியில் இது 1995லேயே காட்டப்பட்டிருந்தது. டி.என்.எஃப். பாதையைத் துண்டித்த எலிகள் காசநோய்க் கிருமிக்கு ஈடுகொடுக்க முடியாமல் விரைவில் செத்தன. 70 என்ற அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? தனித்தனி மருத்துவர்கள், “என் நோயாளிக்கு இப்படி ஆயிற்று” என்று அமெரிக்க மருந்து அமைப்புக்கு எழுதி அனுப்பிய தாள்களிலிருந்து. அதன் பிறகே, மருந்து தொடங்கும் முன் காசநோய்ச் சோதனை கட்டாயமாயிற்று. ஸ்பெயினில் அந்த விதியைப் பின்பற்றத் தொடங்கியதும் காசநோய் பெருமளவு குறைந்ததாக அவர்களின் பதிவேடு காட்டுகிறது.

உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியர். எனவே முடக்குவாதத்துக்கோ குரோன் நோய்க்கோ இந்த ஊசியைப் பரிந்துரைக்கும் நம்மூர் மருத்துவருக்கு இந்தக் காசநோய்ச் சோதனை வெறும் சடங்காக இருக்க முடியாது. தோலில் போடும் டியூபர்குலின் சோதனையை மட்டும் நம்புவதும் இங்கே கடினம், பி.சி.ஜி. போட்ட உடலிலும் அது வீங்கிக் காட்டலாம். மார்பு எக்ஸ்ரே, பி.சி.ஜி.யால் குழம்பாத இன்டர்ஃபெரான் காமா ரத்தச் சோதனை, வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா என்ற விசாரிப்பு, எல்லாம் சேர வேண்டும். உறங்கும் கிருமி இருப்பதாகத் தெரிந்தால் அதற்கான மாத்திரையை முதலில் தொடங்கி, குறைந்தது ஒரு மாதமாவது கழித்துத்தான் டி.என்.எஃப். தடுப்பு மருந்தைப் போடுகிறார்கள். அவையில் அந்த மருந்து எடுப்பவர்களோ, அவர்களின் வீட்டாரோ இருந்தால், விட்டுவிட்டு வரும் மாலைக் காய்ச்சலையும் கழுத்தில் தோன்றும் கட்டியையும் சாதாரணம் என்று தள்ளிப்போடாமல் மறுநாளே மருத்துவரிடம் சொல்லுங்கள். மாணவர்களுக்குக் கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம்.